ஆள் இல்லாத வீடு

வாசகர் கேள்வி–பதில்: ஜாம்பி படங்கள்

எது ஜாம்பி படம், எது இல்லை என்று கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மலையிலிருந்து வந்தவை. குளிரில் இழுத்துப் போர்த்திக்கொண்டு பார்க்க ஏற்ற படங்கள்தான். இந்த முறை நீலகிரி, பழனி மலைக் கேள்விகளுக்கு மட்டும் பதில்.

நண்பர்கள் ஏழு பேர் சனிக்கிழமைதோறும் ஒருவர் வீட்டில் கூடிப் படம் பார்ப்போம். அடுத்த மாதம் நாலு வாரமும் ஜாம்பி படம் என்று முடிவு. பட்டியல் போட உட்கார்ந்ததுமே சண்டை. "'28 டேஸ் லேட்டர்' படத்தில் யாரும் செத்துப் பிழைக்கவில்லை, அது ஜாம்பி படமே இல்லை" என்கிறார் ஒருவர். 'ஈவில் டெட்' இல்லாவிட்டால் வரவே மாட்டேன் என்கிறார் இன்னொருவர். ஒரு அளவுகோல் கொடுங்களேன்.
– ஃபிங்கர்போஸ்ட், உதகை

இரண்டு பேருமே தவறான இடத்திலிருந்து அளக்கிறார்கள். 'செத்துப் பிழைத்ததா' என்பதை முதல் கேள்வியாக வைத்தால் டிராகுலா வருவார், எகிப்து மம்மி வரும், நம்மூர் மோகினியும் கொலுசோடு வந்து வரிசையில் நிற்பாள். கேட்க வேண்டியது வேறு: இந்த உடம்புக்குள் இப்போது யார் குடியிருக்கிறார்கள்?

பழைய ஆளே இருக்கிறார், பசி மட்டும் மாறிவிட்டது என்றால் அது ரத்தக்காட்டேரி. டிராகுலா தன் பெயரையோ கோட்டையையோ மறக்கவில்லை. வேறு யாரோ உள்ளே நுழைந்துவிட்டால் அது பேய் பிடித்த கதை. பழைய ஆளும் இல்லை, புதிதாக யாரும் குடிவரவும் இல்லை, ஆனால் அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது என்றால் அதுதான் ஜாம்பி. ஆள் இல்லாத வீடு.

இதைச் சோதிக்க முழுப்படமும் பார்க்க வேண்டியதில்லை. ஒருவர் 'மாறும்' காட்சியைத் தேடிப்பிடித்து அடுத்த ஐந்து நிமிடத்தைக் கவனியுங்கள். பெற்ற பிள்ளையை அடையாளம் தெரிகிறதா? வலி தெரிகிறதா? கதவுக்குப் பின்னால் ஒளிந்து காத்திருக்கிற அளவுக்குத் திட்டம் இருக்கிறதா? வாயைத் திறந்தால் யாருடைய பேச்சு வருகிறது?

'28 டேஸ் லேட்டர்' (2002) படத்தில் ஒரு அப்பாவின் கண்ணில் ஒரு சொட்டு ரத்தம் விழுகிறது. கையில் இருப்பது பத்து, இருபது நொடிகள். அதற்குள் மகளைத் தள்ளிப்போகச் சொல்கிறார். அதோடு அவர் முடிந்தார். உடம்பு உயிரோடுதான் இருக்கிறது. அந்தப் படத்தில் நோய் கண்டவர்கள் கடைசியில் பட்டினியால் சாகிறார்கள், செத்தவர்களுக்குப் பட்டினி ஏது? ஆனாலும் உள்ளே ஆள் இல்லை. எனவே ஜாம்பி படம்தான். 'ஈவில் டெட்' (1981) நேர் எதிர். உடம்பு மாறியதும் பேசுகிறது, கேலி செய்கிறது, பழைய குரலில் அழுது ஏமாற்றுகிறது. வீட்டில் புதுக் குடித்தனக்காரர் கும்மாளமடிக்கிறார். அருமையான படம், ஆனால் பேய்ப்படம். நண்பருக்காக ஐந்தாவது சனிக்கிழமை ஒதுக்குங்கள்.

ஆள் இல்லை என்று உறுதியானால் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். ஒன்று, அது பெருகுகிறதா, குறைந்தபட்சம் கூட்டமாக இருக்கிறதா? ஒற்றை ஜாம்பியை வைத்து நல்ல பயப்படம் எடுக்கலாம், ஜாம்பி படத்துக்குரிய மூச்சுமுட்டல் வராது. இரண்டாவது, ஜாம்பியை எடுத்துவிட்டால் கதை நிற்கிறதா? நின்றால் அது ஜாம்பி வந்துபோகும் படம், அவ்வளவுதான்.

இந்த அளவுகோல் இடறும் இடங்களும் உண்டு. ஜார்ஜ் ரொமேரோவின் 'டே ஆஃப் தி டெட்' (1985) படத்தில் பப் என்றொரு ஜாம்பி சல்யூட் அடிக்கும், தொலைபேசியைக் காதில் வைக்கும். ஆள் பாதி திரும்பி வருகிறார் என்பதே அங்கே கதை. வீடு காலியாக இருந்தது என்று நமக்கு முன்பே தெரிந்தால்தான் அது நம்மை உலுக்கும், ஆகவே உள்ளே சேர்க்கலாம். ஸ்பெயின் நாட்டு 'ரெக்' (2007) இன்னும் சிக்கல். ஒரே அடுக்குமாடிக் கட்டடம், கடித்தால் பரவும் நோய், எல்லாமே ஜாம்பி இலக்கணம். இரண்டாம் பாகத்தில் பாதிரியார் வந்து 'இது பிசாசு' என்றதும் கணக்கு கலைந்துவிடுகிறது. முதல் பாகத்தை மட்டும் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது உத்தமம்.

நாலு வாரத்துக்கு எங்கள் பட்டியல்: 'ஒயிட் ஜாம்பி' (1932), 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' (1968), '28 டேஸ் லேட்டர்', 'ட்ரெயின் டு பூசான்' (2016). இந்த வரிசையிலேயே பாருங்கள். இரண்டாவது படத்தில் 'ஜாம்பி' என்ற சொல் ஒரு தடவைகூட வராது என்று முன்கூட்டியே பந்தயம் கட்டினால் தேநீர்ச் செலவு மிஞ்சும். அதில் அவற்றைப் 'பிணந்தின்னி' என்ற பொருளுள்ள சொல்லால்தான் அழைக்கிறார்கள்.

1932-இல் வந்த 'ஒயிட் ஜாம்பி'தான் முதல் ஜாம்பி படம் என்கிறார்கள். பார்த்தேன். கடி இல்லை, தொற்று இல்லை, யாரும் யாரையும் தின்னவில்லை. அது எப்படி முதல் படம்?
– எஸ்டேட் அலுவலர், கோத்தகிரி

தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவருக்கு இந்தப் படம் மற்றவர்களைவிடச் சுலபமாகப் புரிய வேண்டும்.

ஜாம்பி பிறந்த ஊர் கரீபியக் கடலில் இருக்கும் ஹைட்டி. பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாக இழுத்து வரப்பட்டவர்களின் நாடு. போராடி 1804-இல் விடுதலை வாங்கியது. அடிமைக்கு இருந்த ஒரே ஆறுதல், செத்தாலாவது விடுதலை என்பது. செத்த பிறகும் ஒரு மந்திரவாதி எழுப்பி, பேச்சும் நினைவும் இல்லாமல் தோட்டத்தில் வேலை வாங்கினால்? அந்தப் பயத்துக்குப் பெயர்தான் ஜாம்பி. அங்கே மக்கள் ஜாம்பியைக் கண்டு பயந்ததைவிட, தாங்கள் ஜாம்பியாகிவிடுவோமோ என்றுதான் அதிகம் பயந்தார்கள்.

1915 முதல் 1934 வரை ஹைட்டி அமெரிக்கப் படையின் பிடியில் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே போய்வந்த வில்லியம் சீப்ரூக் எழுதிய பயண நூல் 1929-இல் வெளியாகி, அமெரிக்காவில் இந்தச் சொல்லைப் பரப்பியது. மூன்றே வருடத்தில் விக்டர் ஹால்பெரின் இயக்கத்தில் படம் வந்துவிட்டது. பேலா லுகோசி வில்லன். அதில் சர்க்கரை ஆலைக் காட்சியை மறுபடி பாருங்கள். சுற்றிச் சுற்றிச் செக்கைத் தள்ளுகிறார்கள். ஒருவர் கால் தவறி அரவைக்குள் விழுகிறார். மற்றவர்கள் நிற்கவே இல்லை. வீடு காலி, சாவி முதலாளி கையில். அந்தப் படத்தின் உண்மையான பூதம் கங்காணிதான்.

கடியும் கூட்டமும் சதை தின்பதும் 36 வருடம் கழித்து 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் ரொமேரோ சேர்த்தவை. அவர் செய்த பெரிய வேலை, மந்திரவாதியை நீக்கியது. சாவி யாரிடமும் இல்லை என்றானதும் பயம் வேறு உருவம் எடுத்தது. ஆகவே இரண்டு பரம்பரை: ஆட்டுவிப்பவர் உள்ள ஜாம்பி, ஆட்டுவிப்பவர் இல்லாத ஜாம்பி. பெருகவேண்டும் என்ற விதியை முதல் பரம்பரைக்குப் போடக்கூடாது. இன்று 'ஜாம்பி படம்' என்று பொதுவாகச் சொல்வது இரண்டாவதை.

'மிருதன்' எங்கள் ஊட்டியில் நடக்கிற கதை. நாய்க்கடியில் தொடங்குகிறது, தண்ணீரைக் கண்டால் பயப்படுகிறார்கள். இது வெறிநாய்க்கடி படமா, ஜாம்பி படமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, குன்னூர்

ஜாம்பி படம்தான். 2016 பிப்ரவரியில் வந்தது, சக்தி சௌந்தர் ராஜன் இயக்கியது. ஜெயம் ரவி ஊட்டிப் போக்குவரத்துக் காவலராக வருவார். தமிழின் முதல் ஜாம்பி படம் என்ற விளம்பரத்தோடு வந்தது. மிருகமும் மனிதனும் ஒட்டிய பெயர். ரசாயனக் கழிவில் வாய் வைத்த நாய் ஒருவரைக் கடிக்க, அங்கிருந்து பரவுகிறது. மாறியவர்கள் சொந்தபந்தம் பார்ப்பதில்லை, கூட்டமாக வருகிறார்கள், கடித்தால் பெருகுகிறது. ஜாம்பியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு காதல் கதையும் நாலு பாட்டும். எல்லாத் தேர்விலும் பாஸ்.

ஆனால் உங்கள் மூக்கு சரியாகவே மோப்பம் பிடித்திருக்கிறது. தொற்று வகை ஜாம்பிகளுக்கெல்லாம் மூதாதை வெறிநாய்க்கடிதான். எச்சிலில் நோய், கடியில் பரவல், வெறி, தண்ணீர் கண்டால் மிரட்சி. கதைக்காரர்கள் மூன்றை மாற்றிக்கொண்டார்கள். உண்மையில் கடிக்கும் நோய்க்குறிக்கும் நடுவே பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும், படத்தில் நொடிக்கணக்கு. உண்மையில் நோயாளி தண்ணீரைப் பார்த்து மிரள்வது, குடிக்கப் போனாலே தொண்டைத் தசை இழுத்துப் பிடித்துக்கொள்வதால். 'மிருதன்' அதைத் துரத்தும் ஆயுதமாக்கிவிட்டது.

மூன்றாவது வித்தியாசமே எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது. வெறிநோய் கண்டவருக்கு இடையிடையே தெளிவு வரும். சொந்தக்காரரைத் தெரியும், நடப்பது புரியும். ஆள் கடைசிவரை வீட்டுக்குள்ளேதான் இருக்கிறார். எனவே வெறிநோயாளியை ஜாம்பி என்பது தப்பு மட்டுமில்லை, கொடுமை.

வெறிநோய்க்கான சிகிச்சைக்கென்றே 1907-இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் உங்கள் ஊரில் இருக்கும்போது இதைச் சொல்லாமல் நகரக்கூடாது: நாயோ குரங்கோ கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி போய் ஊசியைத் தொடங்குங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் எதுவும் வேண்டாம். நோய்க்குறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

நம்மிடம் 'நடைப்பிணம்' என்ற அழகான சொல் இருக்கும்போது 'ஜாம்பி' எதற்கு?
– கூடலூர்

அழகான சொல்தான், பொருள்தான் எதிர்ப்பக்கம் நிற்கிறது. மகனைப் பறிகொடுத்த தாயை 'நடைப்பிணமாகிவிட்டாள்' என்கிறோம். அவள் உள்ளே இருக்கிறாள், மிக அதிகமாகவே இருக்கிறாள். உடம்புதான் அவளுக்கு வேண்டாததாகிவிட்டது. ஜாம்பியில் உடம்புக்கு வேண்டியது ஏராளம், ஆள்தான் இல்லை. 'நடைப்பிணம்' என்று தலைப்பு வைத்தால் தமிழ் வாசகர் கைக்குட்டையோடு வருவார். ஜாம்பி இருக்கட்டும். 'சோம்பி' என்று எழுதுவதை மட்டும் நிறுத்துங்கள். அது ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நாம் எல்லோரும்.

ஓடுகிற ஜாம்பி ஜாம்பியா?
– வெலிங்டன்

வேகம் இலக்கணத்தில் இல்லை. நகர்கிற வேகம் படத்தின் கணக்கை மாற்றும், இனத்தை மாற்றாது. மெதுவான ஜாம்பிக்கு நூறு பேர் வேண்டும், அப்போதுதான் பயம். ஓடுகிற ஜாம்பிக்கு ஒருவர் போதும். 1978-இல் தள்ளாடி நடந்த 'டான் ஆஃப் தி டெட்' ஜாம்பிகள் 2004 மறு ஆக்கத்தில் ஓடுகிறார்கள். இரண்டும் ஒரே இனம்தான்.

மூளையைத் தின்னும் வழக்கம் எங்கிருந்து வந்தது?
– குன்னூர்

ரொமேரோவிடமிருந்து இல்லை. டான் ஓபானன் இயக்கிய 'ரிட்டர்ன் ஆஃப் தி லிவிங் டெட்' (1985) கொண்டுவந்தது. அதில் கட்டிப்போட்ட ஒரு பாதிப் பிணம், செத்துக்கிடக்கிற வலியை மூளைதான் குறைக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லும். எங்கள் அளவுகோலின்படி அங்கே ஆள் வீட்டில் இருக்கிறது. படம் பெயில் ஆக வேண்டும். ஆனால் உலகமே அதை ஜாம்பி படம் என்கிறது, நாங்களும்தான். விதி போட்டவன் ஒரு இடத்திலாவது வெட்கப்பட வேண்டும்.

'ஐ ஆம் லெஜண்ட்' (2007) ஜாம்பி படமா?
– லவ்டேல்

இல்லை. ரிச்சர்டு மாத்திசனின் மூல நாவல் (1954) ரத்தக்காட்டேரிக் கதை. படத்திலும் மாறியவர்கள் கண்ணி வைத்து ஆள் பிடிக்கிறார்கள். ஆனால் ரொமேரோ தன் முதல் படத்துக்கு விதை எடுத்தது அந்த நாவலிலிருந்துதான். ஜாம்பியின் தாய்மாமன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டில் பெயர் இல்லை.

பிணத்துக்குள் புகுந்து பேசும் வேதாளம், போர்க்களத்துப் பேய்கள், கூடு விட்டுக் கூடு பாய்தல்... இதெல்லாம் நம்மிடம் ஆயிரம் வருடமாக இருக்கிறதே. ஜாம்பியை நாம்தான் கண்டுபிடித்தோம் என்று சொல்லலாமா?
– மஞ்சூர்

ஆசை புரிகிறது. ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எல்லாமே நழுவுகிறது.

வேதாளத்துக்கு உடம்பு பிணம்தான், அதுவரை சரி. உள்ளே இருப்பதோ விக்கிரமாதித்தனையே கேள்வி கேட்டு மடக்குகிற மூளை. ஆள் இல்லாத வீடு எங்கே, கல்லூரிப் பேராசிரியர் குடியிருக்கும் வீடு எங்கே? 2020-இல் வந்த இந்தி இணையத் தொடர் 'பேதால்', வேதாளத்தின் பெயரை எடுத்துக்கொண்டு வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பிணப்படையைக் காட்டியது. பெயரும் பொருளும் ஒட்டவில்லை.

சயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் அடுப்பு மூட்டி, செத்தவர்களின் பல்லை அரிசியாக்கிக் கூழ் சமைத்துப் பரிமாறிக்கொள்கின்றன. பிணம் தின்பது சரி, கூட்டம் சரி. ஆனால் சமைக்கிறவர் ஜாம்பி இல்லை. ஜாம்பிக்குப் பசி உண்டு, பந்தி கிடையாது. (கொடைக்கானல் குணா குகைக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் பேயின் அடுக்களை என்ற பொருள் தரும். பரணி படித்தவர்கள் யாரும் கூட இருந்திருக்க மாட்டார்கள், இருந்தாலும் பொருத்தம்.)

திருமூலர் கதை இன்னும் சுவையானது. இடையன் மூலன் இறந்துகிடக்க, பசுக்கள் கதறுவது பொறுக்காமல் யோகி அவன் உடம்பில் புகுந்தார் என்கிறது பெரியபுராணம். செத்த உடம்பு எழுந்து நடந்தது, மனைவி கண்டு திகைத்தாள். வெளித்தோற்றத்தில் முழு ஜாம்பிக் காட்சி. உள்ளே இருந்தவரோ திருமந்திரம் பாடியவர். உடம்பை வைத்து முடிவெடுத்தால் எங்கே போய் முட்டுவோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களிடம் இல்லை.

நம் மரபில் உடம்பு காலியாக இருந்தால் யாராவது உடனே குடிவந்துவிடுவார்கள். காலியாகவே நடக்கும் உடம்பு நமக்கு இறக்குமதிதான்.

'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' தொடரில் பூஞ்சைதான் மனிதர்களை ஜாம்பி ஆக்குகிறது. எறும்புகளுக்கு உண்மையிலேயே அப்படி நடக்கிறது என்கிறார்கள். உண்மையா? அப்படியானால் தொடர் ஜாம்பியா?
– காப்பித் தோட்டக்காரர், பண்ணைக்காடு

எறும்பு விஷயம் உண்மை. ஒஃபியோகார்டிசெப்ஸ் என்ற பூஞ்சையினத்தின் வித்து மர எறும்பின் மேல் ஒட்டி உள்ளே துளைக்கிறது. சில நாளில் எறும்பு கூட்டை விட்டு விலகித் தடுமாறுகிறது. தரையிலிருந்து சுமார் 25 சென்டிமீட்டர் உயரத்தில், ஈரம் தங்கும் இடமாகப் பார்த்து, இலையின் அடிப்புற நரம்பைத் தாடையால் கவ்விப் பூட்டிக்கொண்டு சாகிறது. பிறகு கழுத்துப்புறத்திலிருந்து ஒரு காம்பு முளைத்துக் கீழே வித்துகளைக் கொட்டும். உயரம் தவறினால் பூஞ்சைக்கு நஷ்டம்: மேலே போனால் காய்ந்துவிடும்.

மனிதருக்கு இது தாவுமோ என்று பயப்பட வேண்டாம். ஒவ்வொரு வகையும் குறிப்பிட்ட எறும்பினத்துக்கென்றே பழகியது. மேலும் 37 டிகிரி உடல்சூட்டைப் பெரும்பாலான பூஞ்சைகள் தாங்குவதில்லை. தொடர் (2023), அதற்கு மூலமான விளையாட்டு (2013) இரண்டும் அந்தத் தடையைக் கற்பனையில் தாண்டியவை. மாறியவர்களுக்குள் ஆள் இல்லை, கடி உண்டு, பெருக்கம் உண்டு. ஜாம்பி என்ற சொல்லை அவர்கள் தவிர்த்தாலும் ஜாம்பிதான்.

எறும்பு ஜாம்பியா என்பதுதான் தூக்கம் கெடுக்கும் கேள்வி. 2017-இல் வெளியான ஆய்வில், பூஞ்சை எறும்பின் உடல் முழுக்க, தசைநார்களைச் சுற்றியெல்லாம் வலைபோலப் பின்னியிருந்தது. மூளைக்குள் மட்டும் நுழையவில்லை. மூளைக்கு ரசாயனம் வழியாக ஏதாவது செய்கிறதா என்பது தனிக் கதை. ஆனால் எறும்பு தன் வீட்டுக்குள்ளேயே இருக்க, கைகால்களை வேறொன்று இழுத்துக்கொண்டு போகிறது என்று யோசித்துப் பாருங்கள். இதுவரை வந்த எந்தப் படமும் அந்த எறும்பின் பக்கத்திலிருந்து கதை சொல்லி எங்கள் கண்ணில் படவில்லை.

கல்லூரி நண்பர்கள் சேர்ந்து 12 நிமிடக் குறும்படம் எடுக்கிறோம். தேயிலைத் தோட்டத்தில் ஜாம்பிகள். ஆறு பேர் ஜாம்பி. பட்ஜெட் மூவாயிரம் ரூபாய். கிளைமாக்ஸில் ஜாம்பியான அம்மா மகனை அடையாளம் கண்டு, அழுது, "ஓடிப்போடா கண்ணு" என்கிறாள். "அப்படியானால் இது ஜாம்பி படமே இல்லை" என்கிறார் எங்கள் ஒளிப்பதிவாளர். ரத்தம், மேக்கப்புக்கும் வழி சொல்லுங்கள்.
– குன்னூர்

ஒளிப்பதிவாளர் சொல்வது சரி. அம்மா பேசிய நொடியில் பதினோரு நிமிடம் கட்டிய வீடு இடிந்துவிடும். அதற்கு முன் அவள் கடித்ததெல்லாம் தெரிந்தே கடித்ததாகிவிடும் என்பதையும் யோசியுங்கள்.

அடையாளம் காண வேண்டாம், பழக்கம் மட்டும் மிஞ்சட்டும். 'டான் ஆஃப் தி டெட்' ஜாம்பிகள் எதற்கென்று தெரியாமலே கடைவளாகத்துக்குத் திரும்பி வருவார்கள், கால் பழகிய இடம் என்பதால். உங்கள் அம்மா கொழுந்து பறிப்பவர்தானே? மகன் எதிரே நிற்கிறான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. விரல்கள் மட்டும் காற்றில் இரண்டு இலை ஒரு மொட்டு கிள்ளித் தோளுக்குப் பின்னால், இல்லாத கூடையில் போட்டுக்கொண்டே இருக்கின்றன. வசனம் வேண்டாம், இசையும் வேண்டாம். அழவேண்டிய வேலையை மகனுக்குக் கொடுங்கள்.

நடிப்பவர்கள் ஆறு பேரும் ஒரே மாதிரி கையை நீட்டிக்கொண்டு நடந்தால் பள்ளி ஆண்டுவிழா ஆகிவிடும். ஆளுக்கு ஒரு மூட்டு என்று ஒதுக்குங்கள்: ஒருவருக்கு இடது கணுக்கால் மடங்காது, ஒருவருக்குக் கழுத்து நிமிராது. கடைசிவரை அதை மாற்றக் கூடாது. கண் எதன்மீதும் நிலைக்கக்கூடாது. ஆளைத் தாண்டி மூன்றடி பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். இடறினால் முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் ஆள் உள்ளே இருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆன்லைனில் கிடைக்கும் மலிவு வெள்ளை லென்ஸைக் கண்ணில் போடாதீர்கள், கருவிழி புண்ணாகும்.

ரத்தத்துக்கு இரண்டு டம்ளர் சர்க்கரை (சுமார் 400 கிராம்), ஒரு டம்ளர் தண்ணீர் (200 மில்லி), அரை ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. குலாப் ஜாமூன் பாகுபோல விரலில் பிசுபிசுப்பு வந்ததும் இறக்கிவிடுங்கள். கம்பிப்பதம் போனால் மலைக்குளிரில் மணல் மணலாகக் கட்டிவிடும். எலுமிச்சை அதைத் தடுக்கத்தான். தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். குன்னூர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், சமவெளிக் கணக்கு பொருந்தாது. ஆறியதும் திரவச் சிவப்பு உணவு நிறம் இரண்டு ஸ்பூன். ஒரு ஸ்பூன் கோகோ பவுடரைக் கொஞ்சம் வெந்நீரில் குழைத்துச் சேர்க்கவும், நேரே போட்டால் கட்டிதட்டும். நீல நிறம் பல்குத்தி நுனியளவு போதும், அதிகமானால் திராட்சை ரசம். கேசரிப் பவுடர் மட்டும் போட்டால் ஆரஞ்சாகத்தான் வரும், எவ்வளவு போட்டாலும். துணியில் மட்டும் பூசும் ரத்தத்தில் நாலு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்தால் கறை சுலபமாகப் போகும். வாய்க்குள் போவதில் கலக்கக் கூடாது. பழைய ரத்தத்துக்கு இன்ஸ்டன்ட் காப்பித்தூள். கருப்பு வெள்ளையில் எடுத்தால் இவ்வளவு பாடும் வேண்டாம், சாக்லேட் சிரப் போதும். 1968-இன் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தில் ஓடியது அதுதான்.

கடிக்காயத்துக்குத் திரவ லேடெக்ஸும் ஒற்றை அடுக்கு டிஷ்யூ தாளும். முதல் நாளே மணிக்கட்டின் உட்புறம் கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பாருங்கள். அரித்தால் அந்த ஆளுக்கு வேண்டாம். புருவம், முடி படாமல் தடவி, தாளைக் கிழித்து ஒட்டி, மேலே மறுபடி லேடெக்ஸ். மூன்று அடுக்கு போதும். ஒவ்வொரு அடுக்கும் காயாமல் அடுத்ததைப் போட்டால் மொத்தமாக உரிந்து வரும். மூடுபனி நாளில் காய இரண்டு மடங்கு நேரமாவது ஆகும் என்று கணக்கு வையுங்கள், ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் காட்டுங்கள். காய்ந்ததும் நடுவில் கிழித்து, உள்ளே ரத்தம் விடவும்.

தேயிலைச் செடி இடுப்பளவு இருப்பது உங்களுக்கு வரம். வரிசைக்குள் குனிந்தால் ஆறு பேரும் மறைந்துவிடுவார்கள். ஒருவர் ஒருவராக எழுந்தால் அறுபது பேர் போலத் தெரியும். ஓடும் காட்சியை வரிசைக்குள் வைக்காதீர்கள், கவாத்து செய்த கிளை தொடையைக் கிழிக்கும், இலை மூடிய வடிகாலில் கால் போகும். பாதையில் வைத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் அனுமதியோடு காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ரத்தம் ஒழுக ஆறு பேர் மூடுபனியிலிருந்து ரோட்டுக்கு வந்தால் பஸ் டிரைவருக்கு அது குறும்படம் என்று தெரியாது. வெளியே குளிர்ந்த கேமராவைப் பைக்குள் மூடிய பிறகே சூடான அறைக்குள் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் கண்ணாடியில் ஈரம் கோத்துவிடும். ஐந்து மணிக்குள் பேக்கப். அதற்குமேல் தோட்டம் காட்டெருமைக்கு. அது ஜாம்பியா மனிதனா என்று பார்த்து முட்டாது.

ஜாம்பி பரவினால் மலைமேல் இருப்பது பாதுகாப்பா?
– நாயுடுபுரம், கொடைக்கானல்

கீழே தொடங்கினால் பாதுகாப்பு: வரும் வழி சில மலைப்பாதைகள்தான், சோதனைச்சாவடியும் இருக்கிறது, 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வேறு. 'மிருதன்' போல மேலே தொடங்கினால் அதே சாவடி உங்களை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். உள்ளூர்க்காரருக்கு இ-பாஸ் தேவையில்லை என்பதை மறந்துவிடாதீர்கள்.